முழங்காலுக்குக் கீழே கொஞ்சம் சரித்திரம்

ஜெய்ப்பூர் வெயில், ஜெய்ப்பூர் குளிர், பிராஞ்ச் புராணம் எல்லாம் எழுதி முடித்தாயிற்று. இந்த முறை கால். சிரிக்காதீர்கள். இரண்டு மாதம் கட்டிலில் படுத்துத் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தவன் வேறு எதைப் பற்றி எழுதுவான்?

2022 டிசம்பரில் ஒரு காலை. டோங்க் ரோட்டில் ஸ்கூட்டரில் ஆபீஸ் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் வந்த டெம்போ தட்டியதில் வலது கால் வண்டிக்கு அடியில் போய்விட்டது. பேன்ட் கிழிசல் வழியாக வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அது என் எலும்புதான் என்று புரிய கொஞ்ச நேரம் ஆனது.

மறுநாள் ஆபரேஷன் எல்லாம் முடிந்து, மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மனைவி போன் போட்டுக் கொடுத்தாள். அம்மா வலிக்கிறதா என்று கேட்கவில்லை. எப்படி நடந்தது என்றும் கேட்கவில்லை. "காலு இருக்காப்பா?" என்றுதான் கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1991. எனக்குப் பதினோரு வயது. அப்பா ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளை. சைக்கிளில் வரும்போது சறுக்கி விழ, நெல் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டியின் சக்கரம் காலில் ஏறிவிட்டது. எலும்பு முறிந்து, தோலும் கிழிந்து ரத்தம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று நாலு பேர் சொன்னார்கள். அம்மா விடவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போனா காலை எடுத்துடுவாங்க" என்று ஒரே பிடிவாதம். பக்கத்து ஊர் வைத்தியர் வந்து முட்டைவெண்கருவும் உளுந்தமாவும் பூசி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். (அவரைக் குறை சொல்ல வரவில்லை. தோல் கிழியாத முறிவில் ஊரில் பாதிப் பேரை நடக்கவைத்தவர் அவர்.) அன்று இரவு முழுக்க அப்பா அலறினார். மூன்றாம் நாள் விரல்கள் கறுத்தன. ஐந்தாம் நாள் தஞ்சாவூரில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

எடுத்துவிடுவார்கள் என்று பயந்து போகாமல் இருந்தோம், போகாததாலேயே எடுக்க வேண்டியதாயிற்று. அம்மா இதை இன்றுவரை தன் கணக்கில்தான் பற்று எழுதி வைத்திருக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். உட்கார்ந்த இடத்திலேயே முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். நேராக எலும்பு தட்டுப்படும். நடுவில் சதை கிடையாது. வெறும் தோல்தான். பெஞ்சில் இடித்துக்கொண்டால் உயிர் போகிறதே, அதே இடம். இந்த எலும்புக்கு டிபியா என்று பெயர். லத்தீனில் புல்லாங்குழல் என்று அர்த்தம். உடம்பு எடையில் பெரும்பங்கைத் தாங்குவது இதுதான். பக்கத்தில் வெளிப்புறமாக ஒல்லியாக இன்னொன்று, ஃபிபுலா. ஹெட் கேஷியரும் அசிஸ்டென்டும் மாதிரி :-) பின்னால் கெண்டைச்சதை. அது கீழே குறுகி, குதிகாலைப் பிடித்து இழுக்கும் தடித்த தசைநாராக முடிகிறது. கிரேக்கக் கதை வீரன் அக்கிலிஸ் பெயர்தான் அதற்கு. ஓடும்போது திடீரென்று யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி இருந்து, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை என்றால், அறுந்தது இதுவாக இருக்கலாம். நாம் தினம் பார்க்கும் கணுக்கால் சுளுக்கு, பாதம் உள்பக்கம் மடங்கி வெளிப்பக்கத் தசைநார் இழுபடுவது.

உடம்பின் நீண்ட எலும்புகளில் தோலைக் கிழித்துக்கொண்டு அதிகம் வெளியே வருவது டிபியாதான். மறைக்கச் சதை இல்லையே. கீழ்ப்பாதியில் ரத்த ஓட்டமும் குறைவு என்பதால் சேரவும் நாளாகும். எலும்பு வெளியே வந்தால் அழுக்கு உள்ளே போகும். அங்கேதான் சரித்திரம் ஆரம்பிக்கிறது.

1561. அம்புவாஸ் பரே, பிரெஞ்சு அரசர்களின் சர்ஜன். படகில் ஏற்றும்போது குதிரை உதைத்து, கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே இடது காலின் இரண்டு எலும்புகளும் முறிந்தன. எலும்பு தோலையும் காலுறையையும் பூட்ஸையும் கிழித்து வெளியே வந்தது. எத்தனையோ வீரர்களின் காலை அறுத்தவருக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாதா? கூட இருந்த சர்ஜனிடம், நண்பன் என்று இரக்கம் பார்க்காமல் இழுத்துச் சேர்க்கச் சொன்னார். காயம் போதாவிட்டால் கத்தியால் பெரிதாக்கி எலும்புச் சில்லுகளை எடுக்கவும் சொன்னார். காய்ச்சலும் சீழும் படுத்தி எடுத்தன. ஆனாலும் கால் தப்பியது.

1756 ஜனவரி, லண்டன். பெர்சிவல் பாட் என்ற சர்ஜன் குதிரையிலிருந்து விழுந்தார். அவருக்கும் டிபியா முறிந்து வெளியே வந்துவிட்டது. தூக்க வந்தவர்களைத் தொடவிடவில்லை. குளிரில் தரையில் கிடந்தபடியே பல்லக்குத் தூக்கிகளை வரவழைத்தார், ஒரு கதவை விலைக்கு வாங்கினார், அதில் கழிகளை ஆணியடிக்கச் சொல்லி, அதன்மேல் படுத்துத்தான் வீடு போனார். கால் அசைந்தால் எலும்பு இன்னும் கிழிக்கும் என்று தெரிந்தவர். வீட்டில் கூடிய சர்ஜன்கள் ஒரே முடிவாகக் காலை எடுக்கச் சொன்னார்கள். பாட்டும் சம்மதித்தார். கத்தி, ரம்பம் எல்லாம் தயார். கடைசி நேரத்தில் வந்த அவருடைய பழைய குரு எட்வர்ட் நர்ஸ், வைத்துப் பார்க்கலாமே என்றார். பிழைத்தது கால். (கணுக்கால் முறிவு ஒன்றுக்கு இன்றும் பாட் பெயர்தான். ஆனால் அவருக்கு முறிந்தது அது இல்லை. பலர் குழப்பிக்கொள்வார்கள்.)

பரேயும் பாட்டும் தப்பித்தவர்கள். விதி அதுவல்ல. எலும்பு வெளியே வந்தால் காலை எடுப்பது என்பதுதான் அன்றைய பொது வழக்கம். சர்ஜன்கள் கொடியவர்கள் என்று அர்த்தம் இல்லை. சீழ் பிடித்தால் கால் மட்டும் அல்ல, ஆளே போவான். அது ஏன் பிடிக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

தெரிந்துகொள்ள இன்னும் நூறு வருஷம் ஆனது. 1865 ஆகஸ்ட் 12, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற பையனைத் தூக்கி வந்தார்கள். வயது பதினொன்று. வண்டிச் சக்கரம் இடது காலில் ஏறிவிட்டது. எலும்பு முறிவு, தோலில் காயம். இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். வண்டிச் சக்கரம், கால், காயம்.

சர்ஜன் ஜோசப் லிஸ்டர், கிருமிகளைப் பற்றிய பாஸ்டரின் ஆராய்ச்சியைப் படித்திருந்தார். கார்லைல் ஊரில் சாக்கடை நாற்றத்துக்குக் கார்பாலிக் அமிலம் ஊற்றுவதும் அவருக்குத் தெரியும். அதையே துணியில் நனைத்துக் காயத்தின்மேல் வைத்தார். நாலு நாள் கழித்துப் பிரித்தபோது சீழ் இல்லை. ஆறு வாரத்தில் எலும்பு சேர்ந்தது. பையன் இரண்டு காலோடு வீடு போனான். வங்கிக்காரனுக்குக் கணக்குத்தானே பிடிக்கும்? லிஸ்டரே 1870ல் வெளியிட்ட கணக்கு: இந்த முறைக்கு முன் கை கால் எடுத்த 35 பேரில் இறந்தவர்கள் 16. வந்தபின் 40 பேரில் 6.

மற்றதெல்லாம் வேகமாக நடந்தது. பாரிஸ் சாந்துக் கட்டை 1850களின் தொடக்கத்திலேயே டச்சு ராணுவ டாக்டர் மதெய்சன் கொண்டுவந்திருந்தார். 1940ல் ஜெர்மன் சர்ஜன் குன்ட்ஷர், எலும்புக்குள் கம்பி செருகும் முறையை அறிவித்தார். என் காலில் இருப்பது அதன் பேரப்பிள்ளை. 1950களில் சைபீரியாவின் குர்கான் நகரில் இலிசரோவ், காலைச் சுற்றி வளையங்களும் கம்பிகளும் பூட்டிச் சேராத எலும்பைச் சேரவைத்தார். 1964 ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதல் தங்கம் வாங்கிய வலேரி புருமெல், மறு வருஷமே மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை நொறுக்கிக்கொண்டார். பல ஆபரேஷன்களுக்குப் பிறகு அவர் கடைசியில் போய் நின்றது இலிசரோவிடம். மறுபடி இரண்டு மீட்டருக்கு மேல் தாண்டினார்.

அப்பாவுக்கு என்னதான் ஆனது என்று என் டாக்டரிடம் கேட்டேன். முழங்காலுக்குக் கீழே தசைகள் நான்கு அறைகளில் இருக்கின்றன என்றார். நான்கு லாக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் விரிந்து கொடுக்காது. முறிவால் உள்ளே வீங்கும், வெளியே இறுக்கமான கட்டு. அழுத்தம் ஏறி, ரத்தம் உள்ளே போகாமல் சில மணி நேரத்திலேயே தசை சாக ஆரம்பிக்கும். அப்பா அலறிய இரவு அதுதான். கட்டை அவிழ்த்திருந்தால், அன்றே காயத்தைக் கழுவியிருந்தால், பெரும்பாலும் தப்பியிருக்கும் என்றார். கேட்காமலே இருந்திருக்கலாம்.

நான் வேலை பார்க்கும் ஊரின் பெயர்தான் அந்தக் காலுக்கு. 1968ல் டாக்டர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் இங்கே உருவாக்கியது ஜெய்ப்பூர் கால். சம்மணமிட்டு உட்காரலாம், வெறுங்காலோடு வயலில் நடக்கலாம். விபத்தில் காலை இழந்த சுதா சந்திரன் அதை வைத்துத்தான் மறுபடி ஆடினார். நான் இங்கு வந்தது 2019ல். அக்குள் கட்டையோடே வாழ்ந்த அப்பா 2004லேயே போய்விட்டார்.

போன மாதம் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "நீ பயந்தது தப்பில்லம்மா. ஒரு காலத்துல ஆஸ்பத்திரியில அப்படித்தான் எடுத்தாங்க. அந்தப் பயம்தான் ஊர் ஊரா வந்து உன்கிட்ட நின்னுது. காலம் மாறினதை யாரும் உன்கிட்ட சொல்லலை." அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். கிரீன்லீஸ் கதையை மட்டும் இரண்டு தரம் சொல்லச் சொன்னாள்.

"அந்தப் பையனோட அம்மா ஆஸ்பத்திரிக்கு வேணாம்னு சொல்லலையாமா?"

"அதை யாரும் எழுதி வைக்கலைம்மா."

"சொல்லித்தான் இருப்பா" என்றாள். முறத்தைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

டிஸ்கி: நான் பி.காம்., டாக்டர் அல்ல. ஆனாலும் இதை மட்டும் ஞாபகம் வையுங்கள். எலும்பு தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, காலை அசையாமல் வைத்து, உடனே ஆஸ்பத்திரி. கட்டுப் போட்ட பிறகு வலி குறையாமல் ஏறினால், விரல் மரத்தால், விரலை லேசாக நிமிர்த்தினாலே உயிர் போனால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்று இரவே கிளம்புங்கள்.