பேய்க்கும் ஒரு நியாயம் உண்டு

   

'பேய்ப்படங்கள் தருவது பயமா? பாடமா?' என்பது தலைப்பு. எனக்கு முன்னாலே பேசிய அம்மையார் என்ன சொன்னாங்க? "கதவு கிரீச்சுன்னு திறக்குது, நாய் ஊளையிடுது, வெள்ளைச் சேலை பறக்குது. இதிலே என்னய்யா பாடம்?" என்று கேட்டாங்க. நல்ல கேள்வி. நான் திருப்பி ஒன்று கேட்கிறேன். எந்தப் பேயாவது காரணமில்லாம வந்திருக்கா? சொந்தக்காரங்ககூட காரணமில்லாம வீட்டுக்கு வந்துடுவாங்க அய்யா, பேய் வராது! (சிரிப்பு)

பேய் வந்தால் அதற்குப் பின்னாலே தீராத ஒரு வழக்கு இருக்கும். நம்ம பழையனூர் நீலியை நினைச்சுப் பாருங்க. கணவனால் கொல்லப்பட்டவள். அவன் மறுபிறவி எடுத்து வந்தபோது, பேயாக வந்து ஊர்ச் சபையிலே நின்று வழக்காடினாள் என்பது கதை. பேய் முதலிலே தேடிப் போனது சுடுகாட்டை இல்லை, பஞ்சாயத்தை! நீலி செய்த அந்த வேலையைத்தான் சினிமாப் பேய்களும் நூறு ஆண்டுகளாகச் செய்துகிட்டிருக்கு. வரிசையாகச் சொல்றேன். பேய்ப்பட ரசிகர்கள் இதையே பார்க்க வேண்டிய படங்களின் பட்டியலாகவும் வைத்துக்கொள்ளலாம்.

1922. ஜெர்மனி. படத்தின் பெயர் 'நாஸ்ஃபெராட்டு'. இயக்குநர் முர்னௌ. பேசாத படம். ஒரு பிரபு கப்பலேறி ஊருக்குள்ளே வர்றான். அவன் கூடவே எலிகள் வருது. எலிகளோடு கொள்ளைநோய் வருது. முதல் உலகப் போர் முடிந்து நான்கே ஆண்டு. விஷக்காய்ச்சல் உலகமெல்லாம் வாரிக்கொண்டு போன நேரம். வீட்டுக்கு வீடு சாவு பார்த்த சனம் கொட்டகையிலே பார்த்தது வெறும் பேயையா? தன் தெருவை அல்லவா பார்த்தது! இந்தப் படத்துக்கே ஒரு பேய்க்கதை உண்டு. 'டிராகுலா' நாவலை அனுமதி வாங்காமல் எடுத்துவிட்டார்கள். நாவலாசிரியர் பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு ஜெயித்தார். "எல்லாப் பிரதிகளையும் அழித்துவிடு" என்றது நீதிமன்றம். அழித்தார்கள். ஆனால் எங்கெங்கோ தப்பித்த பிரதிகள் திரும்பி வந்துவிட்டன. மரண தண்டனை கொடுத்தும் சாகாத படம் அய்யா! (கைதட்டல்) இன்றைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மெதுவாகத் தோன்றும். மாடிப்படியிலே அந்த நிழல் மட்டும் ஏறுகிற காட்சிவரை பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

1931. அமெரிக்கா. 'ஃபிராங்கன்ஸ்டைன்'. பிணங்களின் உறுப்புகளைத் தைத்து ஓர் உருவத்துக்கு உயிர் கொடுக்கிறான் விஞ்ஞானி. கொடுத்தவனே பிறகு அதைக் கைவிட்டுவிடுகிறான். பெத்தவனே கைவிட்ட பிள்ளை எங்கே போகும்? ஏரிக்கரையிலே ஒரு சின்னப் பெண் அதோடு விளையாடுகிறாள். இரண்டு பேரும் பூவைத் தண்ணீரிலே போடுகிறார்கள், பூ மிதக்கிறது. பூ தீர்ந்துபோச்சு. குழந்தையும் பூ மாதிரிதானே, மிதக்கும் என்று நினைத்து அது குழந்தையைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. அந்த இடத்தைப் பல ஊர்களிலே வெட்டிவிட்டார்கள். நான் சொல்றேன், அந்தப் படத்தின் உயிரே அங்கேதான் இருக்கு. அது கொடுமையினாலே செய்யவில்லை. சொல்லிக் கொடுக்க ஆளில்லாததாலே செய்தது. பிள்ளை பெற்ற எல்லோருக்கும் இது பாடம் இல்லையா?

1954. ஜப்பான். மார்ச் 1ஆம் தேதி பிகினி தீவிலே அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு சோதனை நடத்தியது. தூரத்திலே மீன்பிடித்துக் கொண்டிருந்த ஒரு ஜப்பானியக் கப்பலின்மேல் கதிர்வீச்சுச் சாம்பல் விழுந்தது. கப்பலில் இருந்த 23 பேரும் பாதிக்கப்பட்டார்கள்; ஒருவர் செப்டம்பரில் இறந்துபோனார். நவம்பரிலே 'காட்ஜில்லா' வெளியானது. இயக்குநர் இஷிரோ ஹோண்டா. முதல் காட்சியே என்ன தெரியுமா? நடுக்கடலிலே ஒரு கப்பல் பளீரென்ற வெளிச்சத்திலே பற்றி எரிகிறது! குண்டு வெடித்து எழுப்பிவிட்ட பூதம் அது. கடைசியிலே அதை அழிக்கிற ஆயுதத்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானி, தன் குறிப்புகளை எல்லாம் எரித்துவிட்டு, கடலுக்கடியிலே தானும் கூடவே சாகிறார். ஏன்? இந்த ஆயுதம் இன்னொருத்தன் கையிலே சிக்கிவிடக் கூடாது என்று! அமெரிக்காவிலே 1956இல் வெட்டி ஒட்டி ஒரு படம் விட்டார்கள். அதை விட்டுவிட்டு ஜப்பானிய மூலத்தையே பாருங்கள்.

1968. மறுபடியும் அமெரிக்கா. 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. ஜார்ஜ் ரொமேரோ குறைந்த செலவிலே எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். ஒரு வீட்டுக்குள்ளே மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றப் போராடுகிறவர் ஒரு கறுப்பர். நடித்தவர் டுவேன் ஜோன்ஸ். இதன் முடிவைச் சொல்லாமல் படத்தைப் பற்றிப் பேச முடியாது. ராத்திரி முழுக்கப் பிணங்களிடமிருந்து தப்பித்தவர், விடிந்ததும் காப்பாற்ற வந்த கூட்டத்தின் துப்பாக்கிக்குப் பலியாகிறார். அவரையும் நடமாடும் பிணம் என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள்! அந்த ஆண்டு ஏப்ரலிலேதான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் பாத்திரம் கறுப்பருக்கென்று எழுதப்பட்டதல்ல; நன்றாக நடித்தார், கொடுத்தார்கள். ஆனால் பார்த்த சனத்துக்குப் புரிந்துவிட்டது. பிணத்திடம் தப்பித்தவன் மனுஷனிடம் தப்பிக்கவில்லையே அய்யா! இது பெரியவர்களுக்கான படம். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பாருங்கள்.

நம்ம பக்கம் வருவோம். 1993இல் ஃபாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்'. மலையாளப் படம். ஆனால் அந்த வீட்டுப் பேய் பேசுகிற மொழி எது? தமிழ்! தஞ்சாவூரிலிருந்து கொண்டுபோய் அடைத்து வைக்கப்பட்டுக் கொல்லப்பட்ட நாட்டியக்காரி நாகவல்லி. "பேய்ப்படம் மூடநம்பிக்கையை வளர்க்கிறது" என்றாரே எதிரணி நண்பர், அவர் அவசியம் பார்க்க வேண்டும். ஏன்னா இதிலே பேயே கிடையாது! வருவது மனநோய்; தீர்ப்பவர் மனநல மருத்துவர். ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. 2005இல் அதுவே தமிழில் 'சந்திரமுகி' ஆனது. தமிழிலே கலகலப்பு அதிகம். மூலத்திலே ஆழம் அதிகம். இரண்டையும் பார்த்து நீங்களே எடை போடுங்கள்.

2011இல் 'காஞ்சனா'. சத்தம் கொஞ்சம் அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் பேயாக வந்தது யார்? வீட்டார் துரத்திய, நிலத்துக்காகக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கை. தெருவிலே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற நாம, கொட்டகையிலே அந்தக் காஞ்சனாவுக்காகக் கைதட்டினோம். உயிரோடு இருக்கும்போது நாம கேட்காத வழக்கை, பேயாக வந்த பிறகாவது கேட்டோம். இது பயமா, பாடமா?

எதிரணி சொல்றதிலே ஒரு உண்மை இருக்கு. வெறும் சத்தத்தாலே தூக்கிப் போடுகிற படங்கள் நிறைய உண்டு. பிரித்துப் பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும். படம் முடிந்ததும், "இந்தப் பேய்க்கு யார் என்ன அநியாயம் செய்தது?" என்று பக்கத்திலே இருப்பவரைக் கேளுங்கள். பதில் இருந்தால் அது நல்ல படம். பதில் இல்லையென்றால் அது பட்டாசு, வெடிச்சது, முடிஞ்சது.

நடுவர் அவர்களே! மனசாட்சி தூங்குகிற ஊரிலேதான் பேய் முழித்துக்கொள்கிறது. செத்தவர்களின் வழக்கை உயிரோடிருப்பவர்களிடம் கொண்டுவருவதாலே, பேய்ப்படங்கள் தருவது பாடமே, பாடமே என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். எதிரணிக்குச் சாதகமாகச் சொன்னாலும் பரவாயில்லை. பழையனூர் சபைக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் ஒருமுறை நினைச்சுக்கங்க! (சிரிப்பு, கைதட்டல்)