கொல்கத்தா டிராம்

மேற்கு வங்கத்தின் தலைநகரான கொல்கத்தாவின் தெருக்களில் ஓடும் மின்சார டிராம், இந்தியாவில் எஞ்சியிருக்கும் ஒரே டிராம் அமைப்பு. சென்னையும் மும்பையும் டெல்லியும் கான்பூரும் தங்கள் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. பழைய நகரத்தைப் பார்க்க வருவோர் இன்று இதைச் சுற்றுலா வண்டியாகத் தேடி ஏறுகிறார்கள். ஆனால் டிராம் அந்த நகரத்துக்குக் காட்சிப் பொருளாக வந்ததன்று. அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் சந்தைக்கும் போகிறவர்களைச் சுமந்த வண்டி அது. அந்த வேலையைச் செய்துகொண்டிருந்ததால்தான் அதன் சன்னலோரம் நகரத்தைப் பார்க்கத் தகுந்த இடமாயிற்று.

முதல் டிராம் 1873 பிப்ரவரி 24 அன்று, சியால்தாவிலிருந்து ஹூக்ளி ஆற்றங்கரையின் ஆர்மீனியன் படித்துறை வரை ஓடியது. குதிரைகள் இழுத்த வண்டி. தூரம் நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. போதிய ஆதரவு இல்லாததால் அதே ஆண்டு நவம்பரில் நிறுத்தப்பட்டது. 1880-ல் லண்டனில் பதிவுபெற்ற கல்கத்தா டிராம்வேஸ் கம்பெனி அதை மீண்டும் தொடங்கியது. புதிய தடத்தை வைஸ்ராய் ரிப்பன் பிரபு திறந்துவைத்தார். 1882-ல் நீராவி எஞ்சின்களையும் கம்பெனி ஓட்டிப் பார்த்தது. நூற்றாண்டு முடியும் தறுவாயில் அதனிடம் 166 வண்டிகளும் ஏறத்தாழ ஆயிரம் குதிரைகளும் இருந்தன. வங்கத்துக் கோடையில் ஆள் நிறைந்த வண்டியை நாள் முழுதும் இழுத்த அந்தக் குதிரைகளின் பாடு கொடுமையானது. அவற்றை விடுவித்தது மின்சாரம்.

1902 மார்ச் 27 அன்று எஸ்பிளனேடிலிருந்து கிதிர்ப்பூருக்கு முதல் மின்சார டிராம் புறப்பட்டது. ஆசியாவின் முதல் மின்சார டிராம் இதுவே என்று பலர் எழுதியிருக்கிறார்கள், அது சரியன்று. சென்னையில் 1895 மே மாதமே மின்சார டிராம் ஓடத் தொடங்கிவிட்டது. சென்னைக்கு அந்தப் பெருமை நிலைக்கவில்லை. 1953 ஏப்ரலில் அங்கே சேவை நின்றது. இன்றைய சென்னையில் அதன் சுவடுகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முந்திக்கொண்ட நகரம் இழந்ததைப் பின்னால் வந்த நகரம் காப்பாற்றிக்கொண்டது.

1905 வாக்கில் கொல்கத்தாவின் தடங்கள் அகலம் மாற்றப்பட்டு 1435 மி.மீ. அளவுக்கு வந்தன. 1943 பிப்ரவரியில் புதிய ஹௌரா பாலம் திறக்கப்பட்டபோது அதன்மேல் முதலில் ஓடிய வண்டி ஒரு டிராம். உச்சத்தில் இருந்தபோது அமைப்பின் நீளம் 70 கிலோமீட்டரைத் தொட்டது.

கொல்கத்தாவுக்கே உரிய டிராம் இரண்டு பெட்டிகள் கொண்டது. முன்பெட்டி முதல் வகுப்பாக இருந்தது; அதில் மின்விசிறி இருந்தது, கட்டணமும் சற்று அதிகமாக இருந்தது. பின்பெட்டி இரண்டாம் வகுப்பாக இருந்தது. கூரைமேல் சாய்ந்து நிற்கும் நீண்ட கம்பம் மேலே ஓடும் கம்பியிலிருந்து மின்சாரத்தை எடுத்துத் தருகிறது. கம்பம் கம்பியிலிருந்து நழுவினால் கயிற்றைப் பிடித்திழுத்து மறுபடி பொருத்த வேண்டும். ஓட்டுநர் நின்றபடியே வண்டியை ஓட்டி, காலால் மணியை மிதித்து ஒலிக்கிறார். தடம் பிரியும் சந்திகளில் இரும்புக் கோலால் தண்டவாள நாக்கைத் தள்ளி வழி மாற்றுவார்கள். 1980-களில் பர்ன் ஸ்டாண்டர்டு, ஜெசாப் நிறுவனங்கள் புதிய வண்டிகளைக் கட்டித் தந்தன. பழையவற்றைப் பிரித்து, தகடு மாற்றி, திரும்பத் திரும்ப உயிர்கொடுத்தது நோனாபுக்குர் பணிமனை. ஒரு டிராம் அரை நூற்றாண்டு உழைப்பது அங்கே வியப்பில்லை. பேருந்துக்கு அந்த ஆயுள் கிடையாது என்பதைப் போக்குவரத்துத் திட்டம் தீட்டியவர்கள் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

நகரத்தை டிராமிலிருந்து பார்க்க ஒரே ஒரு தடத்தைத்தான் சொல்ல முடியும் என்றால், எஸ்பிளனேடிலிருந்து ஷியாம்பஜார் போகும் 5-ஆம் எண் தடத்தைச் சொல்ல வேண்டும். முன்னாளில் தர்மதலா தெரு என வழங்கிய லெனின் சரணியின் முனையில், 1842-ல் கட்டப்பட்ட திப்பு சுல்தான் பள்ளிவாசல் நிற்கிறது. கட்டியவர் திப்புவின் இளைய மகன் குலாம் முகமது. திப்பு இறந்தபின் அவர் குடும்பத்தார் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டிருந்தனர். 1806-ன் வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினர். அந்தப் பள்ளிவாசலின் கதையில் நம் வேலூருக்கும் பங்குண்டு. அங்கிருந்து வெலிங்டன் வழியாக வண்டி காலேஜ் ஸ்ட்ரீட்டில் நுழைகிறது. 1817-ல் இந்துக் கல்லூரியாகப் பிறந்த பிரசிடென்சி, 1857-ல் தொடங்கிய கல்கத்தா பல்கலைக்கழகம், சமஸ்கிருதக் கல்லூரி, சற்று உள்ளே காபி ஹவுஸ். இவற்றுக்கிடையே நடைபாதையை நிறைத்த புத்தகக் கடைகள். டிராம் மெல்லப் போவதைக் குறையாகச் சொல்பவர்கள் இந்தத் தெருவில் அதில் அமர்ந்து பார்க்க வேண்டும். கடைக்காரர் அடுக்கியிருக்கும் நூல்களின் முதுகில் உள்ள பெயர்களைக்கூடப் படித்துவிடலாம். பிறகு தந்தனியா காளி கோவில், பெண் கல்வியின் தொட்டிலான பெத்யூன் கல்லூரி, ஹாத்திபாகானில் 1888-ல் எழுந்த ஸ்டார் தியேட்டர். முடிவில் நேதாஜி சிலை நிற்கும் ஷியாம்பஜார் ஐந்துமுனைச் சந்திப்பு. வங்க மறுமலர்ச்சியின் வரலாற்றை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் வேறொரு பயணம் அந்த நகரில் இல்லை. கிதிர்ப்பூர்த் தடம் வேறு வகை. அதில் மைதானம் எனப்படும் பெருந்திடலின் புல்வெளி நடுவே, மரங்களுக்கிடையில் டிராம் தனித்து ஓடியது.

வங்காளிகளின் அரசியலிலும் இலக்கியத்திலும் டிராம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. 1953 ஜூலையில் இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஒரு பைசா, அதாவது காலணா, உயர்ந்ததும் நகரமே கொந்தளித்தது. விடுதலைக்குப் பின்னும் ஆங்கிலேயக் கம்பெனி ஏழையின் சட்டைப்பையில் கைவைக்கிறது என்ற சினம் அதில் இருந்தது. உயர்வு கைவிடப்பட்டது. மறு ஆண்டு அக்டோபர் 14 அன்று கவிஞர் ஜீவனானந்த தாஸ் தேசப்ரியா பூங்கா அருகே டிராம் மோதிப் படுகாயமுற்று, 22-ஆம் நாள் மறைந்தார். சத்யஜித் ராயின் 'மகாநகர்' (1963) படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் ஓடும்போது, கம்பியை உரசிச் செல்லும் டிராம் கம்பம் மட்டுமே திரையில் தெரிகிறது.

கம்பெனியின் நிர்வாகத்தை 1967-ல் மாநில அரசு ஏற்றது. 1976-ல் நாட்டுடைமை ஆக்கியது. சரிவும் அந்தக் காலத்தில்தான் தொடங்கியது. மெட்ரோ ரயிலுக்காகச் சௌரங்கிப் பக்கத்துத் தடங்கள் அகற்றப்பட்டன. 1993-ல் ஹௌரா பாலத்தில் டிராம் நின்றது. மேம்பாலம் கட்டும்போதெல்லாம் ஒரு தடம் 'தற்காலிகமாக' மூடப்பட்டது, பெரும்பாலும் திரும்பவில்லை. 2020 மே மாதத்து உம்பன் புயல் மரங்களைச் சாய்த்துக் கம்பிகளை அறுத்தபின் கிதிர்ப்பூர்த் தடமும் மீளவில்லை. நெரிசலுக்கு டிராம்தான் காரணம் என்று காவல்துறையும் அரசும் கூறிவந்தன. தடத்தின்மேல் கார்களை நிறுத்தவும் ஓட்டவும் விட்டுவிட்டு, பிறகு டிராமைக் குற்றம் சொன்னது நியாயமில்லை.

சேவை சுருங்கச் சுருங்க, மரபுச் சின்னம் என்ற பெயர் வளர்ந்தது. 1996-ல் மெல்போர்ன் டிராம் பணியாளர்களுடன் சேர்ந்து 'டிராம் ஜாத்ரா' விழா தொடங்கியது. இரு நகரத்து டிராம்காரர்களின் நட்பு இன்றும் தொடர்கிறது. 1938-ல் கட்டிய ஒரு டிராமில் 2014-ல் எஸ்பிளனேடில் 'ஸ்மரணிகா' அருங்காட்சியகம் அமைந்தது. 2020-ல் காலேஜ் ஸ்ட்ரீட் வழியே செல்லும் வண்டியொன்றில் நூலகம் வைத்தார்கள். அதே ஆண்டு கரியாஹாட் பணிமனையில் 'டிராம் வேர்ல்டு' திறந்தது. இவற்றில் அந்த நூலக டிராமே சிறந்த யோசனை என்று சொல்லலாம். பயணச்சீட்டு எடுத்துக் கல்லூரிக்குப் போகிற மாணவரும் ஊர் பார்க்க வந்தவரும் அதில் ஒரே இருக்கையில் அமர முடிந்தது.

2024 செப்டம்பரில் மாநிலப் போக்குவரத்து அமைச்சர், எஸ்பிளனேடு–மைதானத் தடத்தில் மட்டும் மரபுச் சேவையை வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்தப்போவதாக அறிவித்தார். அப்போது எஸ்பிளனேடிலிருந்து ஷியாம்பஜாருக்கும் கரியாஹாட்டுக்கும்தான் முக்கியமாக வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. மைதானத் தடத்தில் காலேஜ் ஸ்ட்ரீட்டும் ஹாத்திபாகானும் வாரா. டிராமின் எதிர்காலம் பற்றிய வழக்கு அதற்கு முன்பே கொல்கத்தா உயர் நீதிமன்றத்தில் இருந்தது. கல்கத்தா டிராம் பயன்படுத்துவோர் சங்கம் மூடிய தடங்களைத் திரும்ப இயக்க வேண்டும் என்றும், அதுவரை தண்டவாளங்களின்மேல் தார் ஊற்றக் கூடாது என்றும் கேட்டுவருகிறது. தண்டவாளம் தாருக்கடியில் புதைந்துவிட்டால் அதைத் தோண்டி எடுத்துச் சீராக்குவது எளிதன்று.