மூன்று எண்ணியவர் 'ஸ்மேக்டவுன்' முதலாளி ஆன கதை: யார் இந்த டெடி லாங்?

சண்டை முத்தினா உடனே டேக் டீம் போட்டி அறிவிப்பாரே, அவரேதான்! ஆனால் அமெரிக்கரான டெடி லாங், மல்யுத்த வளையத்தில் முதலில் பெயர் பெற்றது நடுவராக.

முடிவுதான் முன்பே தெரியுமே, நடுவர் எதுக்கு?

மூன்று எண்ணுவது மட்டும் வேலை இல்லை. வீரர்களுக்கு ரகசியமாகத் தகவல் சொல்வார். நிஜமாகவே அடிபட்டால், கைகளைக் குறுக்கே வைத்து 'எக்ஸ்' சைகை காட்டுவார்.

மேலாளர் ஆனது எப்படி?

1989இல் கதைப்படி ஒருதலைப்பட்சமான நடுவரானார், பிறகு மேலாளர். மேலாளருக்கு வாய்தான் ஆயுதம்: வீரருக்காகப் பேசி, ரசிகர்களைச் சூடேற்ற வேண்டும். அவர் வழிநடத்திய 'டூம்' ஜோடி 1990 மே மாதம் உலக டேக் டீம் பட்டத்தை வென்றது.

அப்புறம்?

1998இல் டபிள்யூடபிள்யூஎஃப் நிறுவனத்தில் மறுபடியும் நடுவர். அதாவது, முதல் படியிலிருந்து! 2004இல் 'ஸ்மேக்டவுன்' பொது மேலாளர். 2017இல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம்.