ஒலியை முந்தும் விமானங்களுக்கு ஏன் முக்கோண இறக்கை?

முக்கோண இறக்கை என்றதும் எங்களில் பலருக்குக் கிபிர்தான் நினைவுக்கு வரும். 1996 இல் இலங்கை விமானப்படை வாங்கிய அந்த இஸ்ரேலிய விமானத்தின் இரைச்சல் கேட்டுப் பங்கருக்குள் ஓடியவர்களுக்கு அந்த வடிவம் மறக்காது. ஆனால் அது போர் விமானங்களுக்கு மட்டும் உரியதல்ல. 1976 முதல் 2003 வரை பயணிகளை ஏற்றிப் பறந்த பிரித்தானிய-பிரெஞ்சு விமானமான கொன்கோர்ட்டின் இறக்கையும் முக்கோணத்தின் இன்னொரு வடிவமே.

ஒலியைவிட வேகமாக ஒரு விமானம் செல்லும்போது, முன்னாலுள்ள காற்று விலகுவதற்கு நேரம் இருப்பதில்லை. அது நெருக்கப்பட்டு அதிர்ச்சி அலைகளாக மாறுகிறது. இந்த அலைகளால் காற்றுத்தடை திடீரென அதிகரிக்கிறது. அதைக் குறைக்க இறக்கை மெல்லியதாகவும் பின்னோக்கிச் சரிந்ததாகவும் ஒடுங்கியதாகவும் இருக்கவேண்டும். கொன்கோர்ட்டின் நீளம் சுமார் 62 மீற்றர். ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனிவரை 25.6 மீற்றர் மட்டுமே.

சிக்கல் என்னவென்றால், இத்தகைய ஒடுங்கிய இறக்கை மெதுவாகப் பறக்கும்போது போதிய தூக்குவிசையைத் தராது. அப்படியானால் தரையிறங்குவது எப்படி?

இதற்கான விடை 1950களில் இங்கிலாந்தின் பார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியிலிருந்து அங்கு வந்த டீட்ரிக் கூகெமானும் கணிதவியலாளர் ஜொஹன்னா வெபரும் இந்த ஆய்வில் முன்னின்றனர். விமானத்தின் மூக்கை நன்றாக உயர்த்தினால், இறக்கையின் முன் விளிம்பில் காற்று சுழலாகச் சுருண்டு மேற்பரப்பின் மீது ஓடும். அங்கே அழுத்தம் குறைவதால் விமானம் மேலே தாங்கப்படும்.

இதனால்தான் கொன்கோர்ட் மூக்கை உயர்த்தியபடி தரையிறங்கியது. அந்நிலையில் விமானிக்கு ஓடுபாதை தெரியாது என்பதால், மூக்கின் முன்பகுதி கீழே மடியும்படி அமைக்கப்பட்டது. ஒலிவேகத்தைத் தாண்டும்போது தூக்குவிசையின் மையம் பின்னால் நகரும். அதைச் சமன்செய்ய எரிபொருளைப் பின்புறத் தாங்கிக்குப் பம்ப் செய்தார்கள்.

இவ்வளவு செய்தும் சிக்கனம் கிடைக்கவில்லை. கொன்கோர்ட் ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் பறக்கையில், அதன் தூக்குவிசை காற்றுத்தடையைப்போல் சுமார் 7 மடங்கு. சாதாரண பெரிய ஜெட் விமானங்களில் இது 17 மடங்கு அளவில் இருக்கும். சுமார் 100 பயணிகளுக்காக எரிந்த எரிபொருள் மிக அதிகம். தரைக்கு மேல் எழும் வெடியோசை காரணமாக, 1973 இல் அமெரிக்கா தன் நிலப்பரப்பின் மீது ஒலியை மிஞ்சிய பயணிகள் பறப்பைத் தடைசெய்தது.

இப்போது நாசாவின் எக்ஸ்-59 விமானம் அந்த வெடியோசையை மெல்லிய தட்டலாகக் குறைக்க முயல்கிறது. அது முதன்முதலில் பறந்தது 2025 ஒக்டோபரில். அதற்கும் ஒடுங்கிய முக்கோண இறக்கைதான். ஆனால் கீழே இருப்பவர் திடுக்கிடக்கூடாது என்பதே அதன் வடிவமைப்பின் முதல் நிபந்தனை. கிபிரை அறிந்த எங்களுக்கு அது புதிய செய்தி.