திருமண ஓலை முதல் சிவகாசி அட்டை வரை

நம் கத்தோலிக்க மக்களிடையே இன்றும் வழங்கும் ஒரு சொல்லைச் சற்று எண்ணிப் பார்ப்போம். மணம் பேசி முடித்த வீட்டார், “கோயிலில் ஓலை எழுதியாயிற்றா?” என்று கேட்டுக்கொள்கிறார்கள். “இந்த ஞாயிறு முதல் ஓலை, வருகிற ஞாயிறு இரண்டாம் ஓலை” என்று நாள் எண்ணுகிறார்கள். பங்குத் தந்தையின் கையில் இருப்பதோ தாள். எழுத்தாணி போய்ப் பேனா வந்தது. பேனாவின் இடத்தில் கணினியும் வந்துவிட்டது. ஆயினும் பெயர் மட்டும் ஓலையாகவே நிலைத்துவிட்டது.

தமிழகமெங்கும் திருமண அட்டைகளை அனுப்பிவைக்கும் வட்டாரம் நம்முடையது. விருதுநகரிலும் சாத்தூரிலும் சிவகாசியிலும் வாழும் நம்மில், அச்சகத்தோடும் தீப்பெட்டியோடும் பட்டாசோடும் தொடர்பில்லாத குடும்பங்கள் சிலவே. ஆகவே ஓலையில் தொடங்கி அட்டையில் வந்து நிற்கும் இந்த வரலாற்றை நம் விழா மலரில் எழுதி வைப்பது பொருத்தமே.

ஓலை ஏன் வாசிக்கப்பட்டது?

பனை மரம் நம் கரிசல் சீமையின் செல்வம். அதன் ஓலையில் கணக்கு எழுதினோம், கடிதம் எழுதினோம், மணச் செய்தியும் எழுதினோம். உற்றாரை நேரில் சென்று வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதும், தொலைவில் உள்ளோருக்கு ஓலை விடுப்பதும் நம் முன்னோர் மரபு. திருச்சபையின் மண அறிக்கை தமிழ் மண்ணுக்கு வந்தபோது மக்கள் அதற்குப் புதுப் பெயர் தேடவில்லை. தங்களுக்குத் தெரிந்த ‘ஓலை’ என்ற பெயரையே சூட்டினார்கள்.

அந்த அறிக்கை பிறந்த காரணம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஐரோப்பாவில் மறைவாகச் செய்யப்பட்ட மணங்களால் பெண்கள் பலர் ஏமாற்றப்பட்டனர். ஓரிடத்தில் மனைவியை விட்டுவிட்டு வேறிடத்தில் மற்றொருத்தியை மணந்தவர்களும் இருந்தனர். இக்கேட்டைத் தடுக்கவே 1215-ஆம் ஆண்டு நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், மணத்தை முன்கூட்டியே கோயிலில் அறிவிக்க வேண்டுமெனத் திருச்சபை முழுவதற்கும் விதித்தது. 1563-இல் திரெந்துப் பொதுச்சங்கம், தொடர்ந்து வரும் மூன்று கடன் திருநாட்களில் பங்குக் குரு இதனை அறிவிக்க வேண்டும் என்றும், குருவின் முன்னிலையில் இரண்டு அல்லது மூன்று சாட்சிகளோடு மணம் நடைபெற வேண்டும் என்றும் கட்டளையிட்டது. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு, அறிவிக்கும் முறையை அந்தந்த நாட்டு ஆயர் பேரவையின் பொறுப்பில் விட்டிருக்கிறது. நம் கோயில்களில் மூன்று ஓலை வாசிக்கும் வழக்கம் நீடிக்கிறது.

ஆக, ஓலை என்பது ஒரு சாட்சி அழைப்பு. “இன்னார் மகன், இன்னார் மகளை மணக்கவிருக்கிறார், தடை ஏதேனும் அறிந்தவர் தெரிவிக்கலாம்” என்று ஊரறியச் சொல்லும்போது, அந்தப் பெண்ணின் வாழ்வுக்குப் பங்குச் சமூகம் முழுவதும் பொறுப்பேற்கிறது. இன்னொன்றையும் மறத்தலாகாது. ஆலை முதலாளியின் மகனுக்கும் தீப்பெட்டித் தொழிலாளியின் மகனுக்கும் ஒரே சொற்களில்தான் ஓலை வாசிக்கப்படுகிறது. அதில் தங்க எழுத்து இல்லை. தடித்த அட்டையும் இல்லை.

அச்சு வந்த வழி

தமிழ் எழுத்து அச்சேறிய வரலாற்றில் நம் மறைக்குத் தனி இடம் உண்டு. முத்துக்குளித்துறையில் உழைத்த இயேசு சபைக் குரு ஹென்றிக் ஹென்றிகஸ் அடிகளார் தமிழாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கங்கள் கொண்ட அச்சிறு நூலே இந்திய மண்ணில் தமிழ் எழுத்துகளால் அச்சிடப்பட்ட முதல் நூல். 1586-இல் புன்னைக்காயலில் அவருடைய ‘அடியார் வரலாறு’ வெளிவந்தது. பின்னர், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயரும் அவர்தம் தோழர்களும் அச்சுக்கூடம் நிறுவினர்.

எனினும் அச்சு நெடுங்காலம் மறைப்பணியாளரிடமும் அரசினரிடமுமே இருந்தது. 1835-இல் அச்சகங்களின் மீதிருந்த கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்ட பின்னரே நம்மவர் தடையின்றி அச்சகம் நடத்தலாயினர். மெல்ல மெல்ல நகரங்களில் சிற்றச்சகங்கள் தோன்றின. அச்செழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து, காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் இயந்திரத்தில் அச்சிடும் முறை பரவியது. மஞ்சள் தடவிய மணப் பத்திரிகை அப்படித்தான் நம் வீடுகளுக்குள் வந்தது. மற்றவர் பத்திரிகையில் பிள்ளையார் சுழி இருக்கும் இடத்தில் நம்மவர் சிலுவைக் குறியிட்டு, ‘சேசு மரி சூசை துணை’ என்று அச்சிட்டனர். நான்கு மூலைகளில் தடவிய மஞ்சளோ இருவருக்கும் பொதுவாயிற்று.

தீப்பெட்டியின் உடன்பிறப்பு

அச்சுத் தொழில் நம் வட்டாரத்தில் வேரூன்றிய கதை, தீக்குச்சியிலிருந்து தொடங்குகிறது. அந்நாளில் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தீப்பெட்டிகள் கப்பலேறி வந்துகொண்டிருந்தன. 1922-இல் அயல்நாட்டுத் தீப்பெட்டிக்கு ஒரு குரோசுக்கு ஒன்றரை ரூபாய் சுங்கவரி விதிக்கப்பட்டது. (144 பெட்டிகள் சேர்ந்தது ஒரு குரோஸ்.) உள்நாட்டில் செய்வோருக்கு வழி திறந்தது. அவ்வாண்டில் சிவகாசியைச் சேர்ந்த திருவாளர்கள் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று இத்தொழிலைக் கற்று, 1923-இல் ஊர் திரும்பித் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். விருதுபட்டி என்ற ஊர் விருதுநகர் என்று பெயர் பெற்றதும் அதே 1923-இல்தான். மழை குறைந்த மண், வறண்ட காற்று, வேலை தேடும் கைகள் என மற்ற ஊர்களுக்குக் குறையாகத் தோன்றியவை இத்தொழிலுக்கு ஏற்றவையாக அமைந்தன.

தீப்பெட்டி என்றால் அதன்மேல் ஒட்டுவதற்கு லேபிள் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்தே பெட்டியைக் கேட்டு வாங்க வேண்டும். ஆகவே அணிலும் காக்கையும் வண்ணத்தில் அச்சாயின. இதற்கெனக் கல்லச்சு இங்கே வந்தது. வழுவழுப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புள்ள மையால் படம் எழுதி, கல்லை நனைத்து, அச்சு மை பூசுவர். நீரும் எண்ணெய்ப்பசையும் ஒன்றோடொன்று சேரா. ஆதலால் படத்தில் மட்டும் மை பற்றும். ஒரு வண்ணத்துக்கு ஒரு கல் என்பது கணக்கு. ஒன்றின்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் பொருந்தினால்தான் படம் துலங்கும். கல்லின் இடத்தில் பின்னர் உலோகத் தகடும், ஆஃப்செட் இயந்திரமும் வந்தன.

இரண்டாம் உலகப் போரின்போது அயல்நாட்டுப் பட்டாசு வரவு நின்றது. 1940-இல் வெடிபொருள் விதிகளின்படி உரிமம் பெற்றுத் தொழில் நடத்தும் முறை ஏற்பட்டது. பட்டாசு ஆலைகள் பெருகின. அவற்றுக்கும் லேபிள் தேவைப்பட்டது. லேபிள் அச்சிட்ட கைகளே பிறகு நாள்காட்டி, நாட்குறிப்பு, வாழ்த்து அட்டை, திருமண அட்டை ஆகியவற்றையும் அச்சிட்டன. சிவகாசியைக் ‘குட்டி ஜப்பான்’ என்று பண்டித நேரு அழைத்ததாகச் சொல்லிப் பெருமைப்படுவது நம் வழக்கம்.

திருமண அட்டையில் சிவகாசி ஒரு புதுமுறையைப் பரப்பியது. பூவும் கொடியும் மட்டும் அச்சிட்டு, உள்ளே எழுத்தில்லாத அட்டைகளை ஆயிரக்கணக்கில் செய்து ஊர்களுக்கு அனுப்பினர். அந்தந்த ஊர் அச்சகத்தில் மாதிரி ஆல்பத்தைப் புரட்டி ஒன்றைத் தெரிவு செய்தால், பெயரும் நாளும் கோயிலும் அங்கேயே அச்சாகிவிடும். வண்ண அட்டை என்பது வசதி படைத்தோரின் தனியுடைமையாக இருந்த நிலை இதனால் மாறிற்று. நூறு அட்டை மட்டும் வேண்டிய கூலித் தொழிலாளியும் நிமிர்ந்து நின்று கேட்டு வாங்க முடிந்தது. இது சிறிய செய்தியன்று.

பந்தலில் பூத்த காகிதப் பூக்கள்

அட்டையோடு அலங்காரமும் வளர்ந்தது. தொடக்கத்தில் பந்தலை அழகு செய்தது குருத்தோலைத் தோரணமே. குருத்தோலை ஞாயிறன்று சிலுவை முடையும் அதே விரல்கள்தாம் மணவீட்டில் கிளியும் கிலுகிலுப்பையும் முடைந்தன. சீர்ப் பலகாரம் போனது பனையோலைப் பெட்டியில். சிறுவர் கொளுத்திய ஓலைவெடியில்கூட மருந்தைப் பொதிந்திருந்தது பனையோலைதான்.

வண்ணத்தாள் மலிவாகக் கிடைத்ததும் கைவேலை புது வடிவம் பெற்றது. மெல்லிய தாளைப் பலமுறை மடித்து, இருபுறமும் மாறிமாறிக் கத்தரித்து இழுத்தால் வலைபோல் விரியும். சுருக்குத்தாளைக் கம்பியில் சுற்றிப் பச்சைத்தாள் ஒட்டினால் ரோஜா பூக்கும். மணல் நிரப்பிய புட்டியில் அவற்றைச் செருகினால் மணமக்களின் மேஜைக்குப் பூச்சாடி ஆயத்தம். மைதாப் பசையும் சணல் நூலும் கத்தரிக்கோலும் போதும். கன்னியர் நடத்திய தையல் வகுப்புகளில் இக்கலையைக் கற்ற பெண்கள் பலர். கிறிஸ்து பிறப்பு விழாவின் குடிலுக்கும் விண்மீனுக்கும் பழகிய கை, மணவீட்டு மேஜையிலும் தன் திறனைக் காட்டியது. மணத்திற்கு முந்திய இரவில் அயல்வீட்டார் கூடி உட்கார்ந்து ஒட்டிய அலங்காரம், அந்த உறவின் அடையாளமாகவே விளங்கிற்று.

பின்னர் பிளாஸ்டிக் வந்தது. பூவும் தோரணமும் பந்தி மேஜை விரிப்பும் பிளாஸ்டிக் ஆயின. 2019 சனவரி 1 முதல் தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்தது. உணவு மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் அத்தடைக்குள் அடங்கும். கையால் செய்யும் காகித, ஓலை அலங்காரங்களுக்கு மீண்டும் ஒரு வாய்ப்புப் பிறந்திருக்கிறது.

மகிழ்ச்சியை உண்டாக்கிய கைகள்

இவ்வரலாற்றின் ஒளியை மட்டும் எழுதினால் அது முழு வரலாறாகாது. ஊராரின் விழாக்களுக்கு நிறமும் ஒளியும் கொடுத்த நம் வட்டாரத்தில், பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளைகள் தீப்பெட்டி அடுக்கினர்; தாள் ஒட்டினர்; குரோஸ் கணக்கில் கூலி பெற்றனர். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகள் குறித்து வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம், சட்டத்துக்கு மாறாக வேலைக்கு வைக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாயை முதலாளி நல நிதிக்குச் செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. மறியன்னையின் மடியில் பிள்ளையைக் கண்டு வணங்கும் நாம், தீப்பெட்டிக் கட்டின்முன் குனிந்திருந்த பிள்ளையை வெகுநாள் காணாதிருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பெரியவர்களின் உயிருக்கும் இத்தொழில் விலை கேட்டிருக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னும் விபத்துகள் ஓயவில்லை. நாம் கோயில் திருவிழாவில் வாணம் விடும்போதும், மணவீட்டு வாசலில் சரம் கொளுத்தும்போதும், அதைச் சுருட்டிய கைகள் பத்திரமாக வீடு திரும்பினவா என்று ஒரு கணம் நினைப்பது நம் கடன்.

இனி நாம் செய்யத்தக்கது

இன்று அழைப்பிதழ் கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது. அச்சகங்களுக்கு வேலை குறைகிறது என்ற கவலை நம் குடும்பங்களில் கேட்கிறது. மறுபுறம், பெட்டிக்குள் பெட்டியாக, பட்டும் பாசியும் பதித்த அட்டைகளும் வருகின்றன. மொய்ப்பணத்தை எண்ணிக் கடன் வாங்கி அட்டை அடிக்கும் நிலை எவருக்கும் வரக்கூடாது.

கானாவூர்த் திருமணத்தைப் பற்றி நற்செய்தி நமக்குச் சொல்வது என்ன? பந்தல் எப்படி இருந்தது, மேஜையில் என்ன பூ இருந்தது என்று ஒரு சொல்லும் இல்லை. இயேசுவும் அவர்தம் தாயும் சீடரும் அங்கே இருந்தனர் என்பதையும், குறை நேர்ந்தபோது அத்தாய் அதை முதலில் கண்டாள் என்பதையும் சொல்கிறது. கைம்மாறு செய்ய இயலாதவரை விருந்துக்கு அழைக்கும்படி ஆண்டவர் போதித்ததையும் நாம் அறிவோம்.

ஆதலால் நம் பங்கு மக்களுக்குச் சில எண்ணங்களை முன்வைக்கிறோம். எளிய அட்டையையே அச்சிடுவோம்; அதை நம் ஊர் அச்சகத்தில் அச்சிடுவோம். முதல் அட்டையைப் பீடத்தில் வைத்தபின், இரண்டாவதைத் தெருவில் மிக வறிய வீட்டிற்கு நாமே எடுத்துச் செல்வோம். அன்பியத்தார் ஒரு மாலை கூடி, அச்சகங்களில் விளிம்பு வெட்டும்போது விழும் வண்ணத்துண்டுகளைக் கொண்டு மணமேஜையை அழகு செய்யலாம். முதியோரிடம் இன்னும் இருக்கும் குருத்தோலைக் கலையைப் பிள்ளைகள் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் கற்கலாம்.

யாருக்கும் ஒரே சொற்களில் வாசிக்கப்படும் ஓலையும், யார் கைக்கும் எட்டிய எளிய அட்டையும் இவ்வட்டாரத்து மக்களாகிய நமக்குக் கிடைத்த இரு நன்மரபுகள். அவற்றைப் பழுதின்றி நம் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் வரத்தை, கானாவூரில் குறை தீர்த்த ஆண்டவர் நமக்கு அருள்வாராக.