பேரத்துக்குள் ஒரு கத்தி



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், 'பார்கெய்ன்' என்றாலும் பேரம், 'ஹேகிள்' என்றாலும் பேரம். அப்புறம் எதற்கு இரண்டு சொல்?" கரும்பலகையில் இரண்டுக்கும் ஒரே பொருள் எழுதிப் போட்டவன் நான்தான். அந்தக் கடனை இப்போது தீர்க்கிறேன்.

'ஹேகிள்' முதலில் கடைவீதிச் சொல்லே அல்ல. ஸ்காண்டிநேவியர்களின் பழைய மொழியில் வெட்டுவதைக் குறித்த சொல்லின் வழிவந்தது. ஆங்கிலத்தில் அதற்குத் தாறுமாறாக வெட்டிச் சிதைப்பது என்று பொருள் இருந்தது. 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில், போர்க்களத்தில் உடலெல்லாம் வெட்டுப்பட்ட யார்க் பிரபுவுக்கு ஷேக்ஸ்பியர் இந்தச் சொல்லைத்தான் போடுகிறார். ஏறக்குறைய அதே காலத்தில், 1600 வாக்கில், சொல் சந்தைக்கும் வந்துவிட்டது. உடம்புக்குப் பதில் விலையைக் கொத்தினார்கள்!

'பார்கெய்ன்' என்பது முடிந்த ஒப்பந்தத்தையும் குறிக்கும், மலிவாகக் கிடைத்த பொருளையும் குறிக்கும். 'ஹேகிள்' என்றால் இழுபறி மட்டுமே. எழுதும்போது விலைக்கு முன்னால் 'ஓவர்' அல்லது 'அபவுட்' போடுங்கள். ஆளுக்கு முன்னால் 'வித்'. இலக்கணம் இவ்வளவுதான்.

இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டில் இந்த இழுபறியையே தவறு என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஜார்ஜ் ஃபாக்ஸின் வழிவந்த குவேக்கர்கள். வாங்க நினைக்கும் விலைக்கு மேல் சொல்வது பொய் என்பது அவர்கள் கட்சி. அதனால் கடையில் ஒரே விலை. யாருக்கும் தொப்பியைக் கழற்றி வணங்காத இவர்களை முதலில் வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்கவில்லை, வியாபாரம் படுத்தது. பிறகு, சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் பெரியவருக்குக் கொடுப்பதுபோலவே கொடுப்பார்கள் என்று தெரிந்ததும் கூட்டம் சேர்ந்தது. ஃபாக்ஸே தம் நாட்குறிப்பு நூலில் எழுதியிருக்கிறார்.

ஆடம் ஸ்மித் பேரத்தை இப்படிப் பார்க்கவில்லை. 1776இல் வெளிவந்த தம் நூலில், துல்லியமான அளவுகோல் இல்லாத இடத்தில் சந்தைப் பேரம்தான் ஏறக்குறைய நியாயமான விலைக்குக் கொண்டுவந்து விடுகிறது என்றார். பேசத் தெரிந்த இருவருக்கு அது சரி. பேசத் தெரியாதவர்?

எட்டு வயதில் அம்மா என்னைச் சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்க அனுப்பினார். சொன்ன காசை அப்படியே கொடுத்துவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டு அத்தை அதே காயைப் பாதி விலைக்கு வாங்கியிருந்தார். அம்மா திட்டவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அண்ணனை அனுப்பினார்.