நட்டு வளர்த்த காடு

காடு என்றால் நம் தோட்டத்து மக்களுக்கு இன்றும் ஓர் அச்சம் உண்டு. காரணம் இல்லாமல் இல்லை. நம் பாட்டன்மார் இந்நாட்டுக் காட்டை முதன்முதல் கண்டது கோடரி பிடித்த கையோடு. அட்டையும் பாம்பும் குளிர்சுரமுமே காடு அவர்க்கு அளித்த வரவேற்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைக்காட்டில் நடந்துவரப் புறப்பட்ட என்னைக் கண்டு, எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், "காட்டை வெட்டத்தானே, கிராணி ஐயா, நம்மைக் கொண்டுவந்தார்கள்? அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று நகைத்தார். அவ்வினா என் உள்ளத்தில் தைத்தது. அதற்கு விடை தேடியதே இக்கட்டுரை.

எங்கள் போர்ட் கிள்ளானின் வரலாறே காடு வெட்டிய வரலாறுதான். போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயரோடு 1901-இல் திறக்கப்பெற்ற இத்துறைமுகம், 1972-இல் இன்றைய பெயரை ஏற்றது. அலையாத்திக் காட்டை அழித்துச் சதுப்பு நிலத்தில் எழுப்பப்பெற்றமையின், திறந்த சில வாரங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் தொழிலாளரைச் சாய்த்தது. கிள்ளான் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்த பின்னரே துறைமுகம் பிழைத்தது.

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை 1886-இல் இருப்புப்பாதை போடப்பெற்றது. எதற்காக? மக்கள் உலாவி வருவதற்கா? அன்று. மலையடிவாரங்களைத் தோண்டி எடுத்த ஈயத்தைக் கடற்கரை சேர்ப்பதற்கு. பின்னாளில் துறைமுகம் வரை நீண்ட அப்பாதையில்தான் இன்று மின்சார ரயில் ஓடுகிறது. காலையில் போர்ட் கிள்ளானில் ஏறினால், கிள்ளானையும் பிரிக்பீல்ட்ஸையும் கடந்து, வேறு வண்டி மாறாமலே கெப்போங் சேரலாம். அங்கிருந்து சிறிது தொலைவில் மலைச்சரிவைத் தழுவி நிற்கிறது ஒரு பெருங்காடு. மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் காடு அது.

அதனைக் காண்போர் ஆதி நாள் தொட்டு இருக்கும் காடு என்றே எண்ணுவர். உண்மை அதுவன்று. அந்நிலம் ஒருகாலத்தில் ஈயலம்பம். ஈயம் கழுவிய நிலத்தின் நிலைமையை நம்மவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. மேல்மண் கரைந்தோடிவிடும், வெண்மணலும் குட்டைகளுமே மிஞ்சும். ஆராய்ச்சி நிலையம் ஒன்று அமைக்க இடம் தேடிய அமெரிக்கத் தாவரநூல் வல்லார் பாக்ஸ்வொர்தி, 1926-இல் இப்பாழ்நிலத்தைத் தேர்ந்தார். 1929-இல் நிலையம் நிறுவப்பெற்றது. மணலிலும் புல்லிலும் காட்டு மரங்களின் கன்றுகள் வரிசை வரிசையாக நடப்பட்டன. சிரித்தவர் பலர் இருந்திருப்பர். ஆயினும் கன்றுகள் வேரூன்றின, நிழல் கூடியது, நிழலைத் தேடிப் பறவையும் விலங்கும் வந்தன. 2025 ஜூலையில் யுனெஸ்கோ இக்காட்டை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. பாழ்நிலம் அப்பெருமை பெற ஏறக்குறைய நூறாண்டு சென்றது.

இங்கே நடக்கும்போது ஒரு தோப்பில் நின்று அண்ணாந்து பார்த்தேன். கப்பூர் மரங்கள் வானளாவி நிற்கின்றன. ஒரு மரத்தின் முடி மற்றதன் முடியைத் தொடுவதில்லை. இடையிடையே வானம், ஆற்றின் கிளைகள்போல் வளைந்து வளைந்து ஒளிர்கிறது. நுனித்தளிர்கள் அயல்மரத்தின் நிழலை உணர்ந்து வளர்ச்சியை நிறுத்துகின்றன என்பது அறிஞர் கூறும் ஒரு விளக்கம்.

கப்பூர் நமக்கு அயல் மரமா? இல்லை. பச்சைக் கற்பூரம் தந்த மரம் இதுவே. இக்கற்பூரத்துக்குப் பெயர்போன சுமத்ராவின் பாரூஸ் துறையில், தமிழ் வணிகக் குழுவினராகிய ஐந்நூற்றுவர் 1088-இல் தமிழிலேயே கல்வெட்டுப் பொறித்தனர். கூலியாக வருவதற்கு எண்ணூறு ஆண்டு முன்பே, தமிழன் இக்காட்டின் அருமையை அறிந்து கடல் கடந்தான். இடையில் வந்த அச்சத்தை மட்டும் நினைவில் வைத்து, முன்னிருந்த உறவை மறந்தோம்.

தோட்டத்தில் நாமும் மரந்தான் நடுகிறோம். 1917-இல் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்தில் செம்பனை வணிகப் பயிராக நடப்பெற்ற நாள் முதல் அவ்வேலை ஓயவில்லை. செம்பனைக்கு இருபத்தைந்து ஆண்டு. பிறகு வெட்டி மீண்டும் நடுவோம். அஃது ஊதியத்துக்குரிய நடவு. அதை இகழேன், என் உணவும் அதில்தான். ஆனால் காட்டு மரத்தை நடுபவன் அதன் முழு நிழலில் நிற்பதில்லை. பேரனுக்காக நடுகிறான்.

செக்ரோல் எழுதும் கிராணி ஒன்றறிவேன். சம்பள நாள் வரையில்தான் தொழிலாளியின் பெயருக்கு ஏட்டில் இடம். பாக்ஸ்வொர்தியின் பெயரை நூல்கள் கூறும். குழி தோண்டிக் கன்று சுமந்த கைகளுக்குப் பெயரில்லை. அம்மரங்களே அவர்தம் பெயரேடு.

ஆகவே தோழர்களே, விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே செல்லுங்கள். அருவியின் குளிர்ச்சியையும் சில்வண்டின் ஒலியையும் அவர்கள் அறியட்டும். வெட்டியவன் பேரன் வேடிக்கை பார்க்கப் போகலாமா என்று கேட்பார்க்கு என் விடை இது: போகலாம், போகவேண்டும். வெட்டிய கையே மீண்டும் நடவும் வல்லது என்பதை அவன் தன் கண்ணால் காணவேண்டும்.